மெதுவாக எடை குறைப்பது: செங்கோட்டை நடைக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. செங்கோட்டைப் பக்கம் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். காலை ஐந்தரை மணிக்குக் குண்டாறு அணைக்குப் போகும் பாதையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நடக்கிறோம். கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாத கூட்டம். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை எழுதிவைத்துவிட்டேன். என் உடம்பில் பட்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும், எங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் கலந்து எழுதியிருக்கிறேன்.

டீச்சர், நீங்கள் எத்தனை கிலோ குறைத்தீர்கள்? எவ்வளவு நாளில்?

87 கிலோவிலிருந்து 72. நாலு வருடம் ஆனது. முதல் வருடம் 6, இரண்டாவது வருடம் 5. மூன்றாவது வருடம் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் ஒரே ஒரு கிலோ. நாலாவது வருடம் 3.

இதற்கு முந்தைய கதையையும் சொல்ல வேண்டும். மகன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது நான் 84 கிலோ. கல்யாண போட்டோவில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. தெரிந்த ஒருவர் விற்ற பவுடரைக் காலையும் இரவும் கரைத்துக் குடித்தேன், மதியம் மட்டும் ஒரு கை சோறு. இரண்டு மாதத்தில் 9 கிலோ போய்விட்டது. ஊரே பாராட்டியது. கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாடிப்படி ஏறினால் முழங்கால் நடுங்கியது. அடுத்த வருடம் அதே தேதியில் எடை பார்த்தால் 87. போனதெல்லாம் திரும்பி, மேலே 3 கிலோ வட்டியும் சேர்ந்திருந்தது.

அப்படி முடி கொட்டுவதற்குக் காரணம் உண்டு. உடம்பு திடீரென்று பட்டினியில் விழுந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாக உதிரும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், எனக்கும் முளைத்தது. ஆனால் வேகமாக இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. அது முடி மாதிரி தானாகச் சரியாகிவிடாது.

ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாளில் என் வீட்டுக்காரர் நாலு கிலோ குறைந்தார். தை மாதம் எல்லாம் திரும்பிவிட்டதே, ஏன்?

இது எங்கள் ஊரில் கார்த்திகை தவறாமல் வரும் கேள்வி. கேட்டதில் சந்தோஷம், ஏனென்றால் எடை குறைப்பு பற்றித் தெரிய வேண்டிய பாதி விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த 41 நாளில் அவர் என்ன செய்தார்? குடி இல்லை, கறி இல்லை, ராத்திரிக் கடைச் சாப்பாடு இல்லை. விடிவதற்கு முன் எழுந்து குளிக்கிறார், நேரத்துக்குப் படுக்கிறார். வீட்டில் சமைத்ததை மட்டும் சாப்பிடுகிறார். கூட நாலு சாமிகள் இருக்கிறார்கள், வழி தவறினால் கேட்பார்கள். எந்த உணவு நிபுணரும் இதைவிட நல்ல ஏற்பாடு செய்து தர முடியாது. இளைக்காமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி இருக்கிறது. மலை இறங்கி, ஆரியங்காவு தாண்டி, மாலையைக் கழற்றின கையோடு வண்டி எங்கே நிற்கிறது? கேரள எல்லையில், பரோட்டாக் கடை வாசலில். 42-வது நாள் என்ன சாப்பிடுவது என்று யாரும் யோசிப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் ஒன்றிரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். நம் ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. பழையபடி சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வந்துவிடும். கொழுப்பு அந்த வேகத்தில் போவதும் இல்லை, வருவதும் இல்லை.

அப்படியானால் மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறவே ஏறாதா?

இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 204 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2014-ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேர் 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தார்கள், மறு பாதி 36 வாரத்தில் மெதுவாக. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குறைத்ததில் ஏறக்குறைய 71 சதவீதம் திரும்ப ஏறியிருந்தது. மெதுவாகப் போனதற்கென்று தனிப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலு வருடம் பாடுபட்டவள் இல்லையா! அப்புறம் யோசித்தேன். அந்த 36 வாரக்காரர்களுக்கும் முடிவுத் தேதி இருந்தது. மாலை போட்டவருக்கு 41 நாள், அவர்களுக்கு 252 நாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நான் மெதுவாக என்று சொல்வதற்கு என் அர்த்தம் வேறு. ஒரு மாற்றத்தைச் செய்யும்போது, இதை அடுத்த பத்து வருடமும் செய்வேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆமாம் என்றால் மட்டும் செய்வேன். அப்படிப்பட்ட மாற்றங்கள் எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும். அதனால் எடையும் மெதுவாகத்தான் இறங்கும். அவ்வளவுதான் மெதுவுக்கும் எனக்கும் உள்ள உறவு.

மாதம் எத்தனை கிலோ குறைந்தால் சரி?

வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் மாதம் ஒரு கிலோ வந்தாலே டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவோம். அரைக் கிலோ வந்தாலும் வருடத்துக்கு ஆறு ஆகிறதே.

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லூரிக் காலத்து எடைக்குப் போக வேண்டியதில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் தெரியும்படி மாறும். 80 கிலோ ஆள் என்றால் 4 முதல் 8 கிலோ. முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி.

உயரத்துக்குத் தக்க எடையா என்று பார்க்க, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கோடு 25, 30 என்று இருக்கிறது. நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால் நம் கோட்டைக் கீழே போட்டிருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. டெய்லர் டேப் போதும்.

என் கணக்கு இப்போது 29.6. ஏட்டின்படி நான் இன்னும் குண்டுதான். ஆனால் பிரஷர் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது?

டீயிலிருந்து. சிரிக்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், அதாவது 120 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுக்க அந்தச் சர்க்கரை ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். இது ஏட்டுக் கணக்கு, உடம்பு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பார்க்காது. இருந்தாலும் சர்க்கரையை விட்டதில் எனக்குப் பசி ஒரு துளியும் கூடவில்லை. ஒரே நாளில் விடவில்லை. இரண்டு ஒன்றரை ஆனது, ஒன்று ஆனது, அரை ஆனது. ஐந்து மாதம் பிடித்தது. இப்போது கல்யாண வீட்டு டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது.

அடுத்தது எண்ணெய். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் 4 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதை அளந்து 3 ஆக்கினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 கலோரி போல மிச்சம், சுவையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தந்திரம் ஒன்றும் இல்லை. தூக்குச்சட்டியிலிருந்து சரிப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியால் ஊற்றினேன், மாத ஆரம்பத்திலேயே மூன்று லிட்டரை எடுத்துத் தனியாக வைத்தேன்.

மூன்றாவதாகத்தான் சோறு. சோற்றை எதிரி மாதிரி பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தட்டில் சோறு மலையாகவும் காய் திருஷ்டிப் பொட்டாகவும் இருந்தால் எந்த உடம்பும் தாங்காது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரி லாரியாகப் புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. அவ்வளவும் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் சாம்பாரில் நாலு முருங்கைத் துண்டோடு காயை முடித்துக்கொள்கிறோம். நான் முதலில் காயைப் பரிமாறிவிட்டு அப்புறம் சோற்றை வைக்க ஆரம்பித்தேன். தட்டில் இடம் இருக்கிற அளவுக்குத்தான் சோறு.

இதோடு பருப்பு, முட்டை, மீன், தயிர், பயறு. நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் நம் இட்லி சட்னிக் காலைகள் எவ்வளவு வெறும் மாவு என்பது புரியும். கொல்லத்துப் பக்கமிருந்து வரும் சாளை மீன் விலையிலும் சத்திலும் நமக்குக் கிடைத்த வரம். பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சைவர்களுக்கு நம் உளுந்தஞ்சோறு இருக்கிறது, புட்டோடு சர்க்கரையும் பழமும் பிசைவதற்குப் பதில் பயறோ கடலையோ இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். ஒன்று பழகி மறந்துபோன பிறகு அடுத்தது.

பார்டர் பரோட்டாவை விட்டுவிட வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஆமாம் என்ற பதிலைக் கேட்டால் மறுநாள் நடக்க வரமாட்டார்கள். அதனால் சொல்கிறேன், வேண்டாம்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் எங்களுடையது. ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, நாக்கு இன்னும் முழுசாக வந்தபாடில்லை. எங்களுக்குச் சொதியும் வேண்டும், கப்பைக் கிழங்கும் மீனும் வேண்டும். பிரானூர் பார்டரில் சாயங்காலம் கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டால் கால் தானாகத் திரும்பும். குற்றால சீசனில் வெளியூர்க்காரர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு அது வருடம் முழுக்க அஞ்சு நிமிஷ தூரத்தில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

ஒரு பரோட்டா, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, 250 கலோரி பக்கம் வரும். நாலு பரோட்டாவும் சால்னாவும் பொரித்த கோழியும் என்றால் ஒரு நாள் சாப்பாட்டில் பெரும்பகுதி ஒரே வேளையில் முடிந்தது. இதில் மைதாவைவிட எண்ணெய்தான் அதிகம் வேலை காட்டுகிறது. நான் வாரம் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தேன். இப்போது மாதம் ஒரு தடவை. இரண்டு பரோட்டா, நாட்டுக்கோழிக் குழம்பு, கூடவே ஆம்லெட். பார்சல் வாங்குவதில்லை. பார்சல் வாங்கினால் பிள்ளைகள் மிச்சம் வைப்பதும் என் வயிற்றுக்குத்தான் வரும்.

ஒரு வேடிக்கை. 2016-ல் கேரள அரசு கொழுப்பு வரி என்று ஒன்று போட்டது. பெரிய பிராண்டு கடைகளில் விற்கும் பீட்சா, பர்கர் மாதிரியானவற்றுக்கு 14.5 சதவீதம். அடுத்த வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. அந்த வரியிலும் சாதாரணக் கடைப் பரோட்டா மாட்டவில்லை. மலையாளியிடமிருந்து பரோட்டாவைப் பிரிக்க எந்த அமைச்சருக்குத் தைரியம் வரும்?

பரோட்டாவைவிட நான் பயப்படுவது ஏத்தங்காய் சிப்ஸைப் பார்த்து. 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். புனலூர் போய்வருகிற சொந்தக்காரர்கள் அரைக் கிலோ பொட்டலத்தோடுதான் வருவார்கள். டிவி முன்னால் உட்கார்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே சேராது. வாங்கி வந்தால் உடனே பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்துவிடுகிறேன். நல்ல பெயரும் கிடைக்கிறது.

கேரளா மட்டை அரிசிக்கு மாறினால் இளைக்குமா?

தவிடு கொஞ்சம் ஒட்டியிருப்பதால் நார்ச்சத்து கூடுதல், மெல்ல வேண்டியிருப்பதால் மெதுவாகச் சாப்பிடுவோம். கலோரி கிட்டத்தட்ட வெள்ளை அரிசி அளவுதான். பிடித்தால் சாப்பிடுங்கள். மட்டை அரிசிதானே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் லாபம் இல்லை.

தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே?

கரைக்காது. எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெய் விடாமல் என்னால் இருக்க முடியாது, விடுகிறேன். பொரிக்க அதைப் பயன்படுத்துவதில்லை.

பதிமுகத் தண்ணீர், தேன் எலுமிச்சை, சீரகத் தண்ணீர்?

மலையாளி ஓட்டலில் இளஞ்சிவப்பாகக் கொண்டுவைக்கும் பதிமுகத் தண்ணீர் எனக்கும் பிடிக்கும். எதுவும் எடையைக் குறைக்காது. ஜூஸுக்கும் சர்பத்துக்கும் பதிலாகக் குடித்தால் அந்த ஜூஸின் சர்க்கரை மிச்சம். தேனும் சர்க்கரைதான், மறந்துவிட வேண்டாம்.

எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி கட்டாயமா?

பத்தாயிரம் என்பது 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. இப்போது நீங்கள் 2,000 அடி நடப்பவர் என்றால் 4,000 ஆக்குவதில்தான் பெரிய பலன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில். கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை.

அந்தக் கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு வருடம் விட்டேன். நடையால் மட்டும் எடை அவ்வளவாக இறங்காது, அரை மணி நேர நடை ஒரு பெரிய ஏத்தம்பழ பஜ்ஜிக்குக்கூட ஈடாகாது. ஆனால் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பது புரதமும் தசைப் பயிற்சியும்தான். ஜிம்முக்குப் போக வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்திருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் பயிற்சிதான், மோட்டார் வந்த பிறகு அது போய்விட்டது.

ஆனி ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். குடை பிடித்து நடப்போம். பெருமழை என்றால் வீட்டு வராந்தாவில் நாற்காலிப் பயிற்சி. வராதவரை போன் போட்டு எழுப்புவது என் வேலை.

ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறதே?

உடம்பு சண்டை போடுகிறது. எடை குறைந்த உடம்புக்குச் செலவு குறைவு, பசி அதிகம். பழைய எடைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் ஆசை. அமெரிக்காவில் ஒரு டிவி போட்டியில் 30 வாரத்தில் சராசரி 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. சராசரி 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அதைவிட வேதனை, அதே எடையுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் உடம்பு நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் எப்படித் தள்ளுவது?

நின்றுவிட்டால் நிற்கட்டும். மூன்று மாதம் அதே எடையில் இருப்பதும் வேலைதான். எனக்கு மூன்றாவது வருடம் முழுக்க அப்படித்தான் போனது. தூக்கத்தை மட்டும் பாருங்கள். தூக்கம் குறைந்தால் பசி ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. ஆஸ்பத்திரியில் காவல் இருந்த இரவுகளில் நான் தின்ற பிஸ்கட்டுக்குக் கணக்கே இல்லை.

வீட்டில் யாரும் ஒத்துழைக்கவில்லை. நான் மட்டும் எப்படி?

தனியாகச் சமைத்துக்கொண்டால் பத்து நாள் தாங்கும். மாமியார் கரண்டி பிடிக்கிற வீட்டில் சண்டையும் வரும். நான் யாரிடமும் டயட் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. கூட்டுக்கு இன்னும் கொஞ்சம் காய் வாங்கினேன், எண்ணெயைக் குறைத்தேன். மாமியார் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் சர்க்கரை அளவும் இறங்கியிருந்தது, அதனால் திட்டு விழவில்லை.

இதில் எடையை மட்டும் பார்க்காதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தது. 2006-ல் முடிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக மாறவே இல்லை! மெஷின் முள் அசையாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று, அழுகிற புதியவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில், ஊர்க்காரர்களே தலைமை தாங்கும் குழுக்களை வைத்து ஆயிரம் பேரிடம் முயன்றார்கள். சர்க்கரை நோய் வருவது உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும்படி முடிவு வரவில்லை. ஆனால் காய் பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. எங்கள் கூட்டமும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், அரட்டை கொஞ்சம் அதிகம்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறேன். நானும் குறைத்துச் சாப்பிடலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் கூடாது. இன்சுலினும் சில மாத்திரைகளும், சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை அபாயமாகக் கீழே இறக்கிவிடும். அளவை அவர்தான் மாற்ற வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சிக்கு வெறும் வயிற்றோடு நடந்ததில் வேர்த்து விறுவிறுத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோர் சட்டைப் பையிலும் கடலை மிட்டாயோ கல்கண்டோ இருக்கும். பிரஷர் மாத்திரைக்காரர்களும் எடை இறங்க இறங்கச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தைராய்டு. அதனால்தானே எடை?

ஓரளவுக்கு. தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் தண்ணீரும். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டு அளவு சீரான பிறகும் இருபது கிலோ கூடுதல் என்றால் மிச்சத்துக்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

எடை குறைக்க ஊசி வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது. மவுன்ஜாரோ, வெகோவி என்ற பெயர்களில் 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. பசியைக் குறைத்து உண்மையிலேயே எடையை இறக்குகின்றன. தேவைப்படுகிறவர்கள் டாக்டர் சொல்லிப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வெகோவியில் உள்ள செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. மறுபடியும் அந்த 42-வது நாள்தான்.

எங்கள் ஆச்சிக்கு 74 வயது. அவரும் எடை குறைக்க வேண்டுமா?

அவசரமே இல்லை. அந்த வயதில் தசை போவதுதான் பெரிய ஆபத்து, விழுந்தால் இடுப்பு எலும்பு. முட்டை, தயிர், பருப்பு கூட்டுங்கள், நாற்காலிப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். எதுவும் செய்யாமலே எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும்கூட டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தினமும் எடை பார்க்கலாமா?

சிலருக்குப் பார்த்தால் தெம்பு, சிலருக்குப் பார்த்தால் அழுகை. அமெரிக்காவில் 1994-லிருந்து, 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அதே மெஷினில். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் பார்க்க மாட்டேன். உப்பும் இனிப்பும் தண்ணீரைப் பிடித்துவைத்து ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், மூன்று நாளில் போய்விடும்.

கல்யாணம், ஓணம், ஊர்த் திருவிழா வந்தால்?

சாப்பிடுங்கள். ஓணத்துக்குப் புனலூரில் சம்பந்தி வீட்டில் இலை போட்டால் நான் இரண்டு பாயசமும் குடிப்பேன். அடுத்த வேளை வழக்கம் போல. பட்டினி கிடந்து ஈடுகட்டுகிற வேலை வேண்டாம். வருடத்தில் விருந்து நாள் முப்பது என்று வைத்தாலும் மிச்சம் 335 நாள் இருக்கிறதே. சிக்கல் என்னவென்றால் நாம் விருந்து முடிந்து மிஞ்சிய பாயசத்தைத் தூக்கில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அதையும் நாலு நாள் விருந்தாக்கிவிடுகிறோம்.

உங்களோடு நடக்க நானும் வரலாமா? என்னால் அவ்வளவு தூரம் முடியாதே.

ஐந்தரைக்கு வாருங்கள். முடிந்த இடத்தில் திரும்பிவிடலாம், யாராவது ஒருவர் கூடவே திரும்புவார். அணை வரைக்கும் போகிறவர்கள் நாலு பேர்தான், நான் அதில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சாரல் மாதத்தில் குடையும், இருட்டு மாதத்தில் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது டீக்கடையில் நிற்போம். கடைக்காரரே கேட்டுவிடுவார், சர்க்கரை போட்டா, போடாமலா என்று. முதல் நாள் போட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.